ச்சொப் சொன்னவர்

வெளிவராத வீடியோ கேமை முன்பணம் கட்டிப் புக் பண்ணலாமா என்று யாராவது என்னிடம் கேட்டால், வேண்டாம் என்றுதான் சொல்வேன். முப்பது வருடத்துக்கு முன்பும் அதைத்தான் சொன்னேன். வரட்டும். வந்ததை நாலு பேர் ஆடட்டும். அவர்கள் முகத்தைப் பார்த்தாலே நல்லதா கெட்டதா என்று தெரிந்துவிடும். பெட்டியின் மேல் வரைந்திருக்கிற படத்தை நம்பிக் காசைக் கொடுக்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. ஒரே ஒருவரைத் தவிர.

அவர் பெயர் வேண்டாம். எழுதினால் ஃபோன் போட்டுச் சிரிப்பார். சிரித்து முடித்ததும், புத்தகமாக வந்தால் பத்துக் காப்பி தனக்கு என்று இப்போதே சொல்லிவைப்பார். உள்ளே என்ன எழுதியிருக்கிறேன், தன்னைத் திட்டியிருக்கிறேனா என்றுகூடக் கேட்கமாட்டார்.

தொண்ணூறுகளின் தொடக்கம். பினாங்குத் தீவில், ஜார்ஜ் டவுனில் ஒரு ஃப்ளாட்டில் நானும் அம்மாவும் குடியிருந்தோம். எங்களுக்கு நேர் மேல் வீட்டில் அவரும் அவர் மனைவியும். அவர் குடும்பம் தாத்தா காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து குமாஸ்தா வேலைக்கு வந்த குடும்பம். இவரும் குமாஸ்தாதான், கடலுக்கு அந்தப் பக்கம் கெப்பாலா பத்தாசில் ஓர் அரசாங்க அலுவலகத்தில். நானும் அந்தக் கரையில்தான், புக்கிட் தெங்காவில் ஓர் எலெக்ட்ரானிக் ஃபேக்டரியில் கியூசி, அதாவது தரம் பார்க்கிறவள். போர்டை விளக்குக்கடியில் வைத்து, பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்து, ஈயம் சரியாகப் பிடிக்காத இடத்தில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டவேண்டும். அதுதான் வேலை. வருடக்கணக்காக இதைச் செய்கிறவளுக்கு ஒரு புடவையைக் காட்டினாலும் நூல் பிரிந்த இடம்தான் முதலில் கண்ணில் படும். மாப்பிள்ளை பார்த்த இடங்களிலும் அப்படியே ஆனது என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

அவரோடு பழக்கமானது ஒரு சண்டையில். மேல் வீட்டிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மதியம் முழுக்க டிடிங் டிடிங் என்று ஒரே சத்தம். குறைக்கச் சொல்வதற்குப் போனேன். கதவைத் திறந்தவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே, "தங்கச்சி, ஒரு நிமிசம், இந்த எடத்துல ரெண்டு பேரு வேணும்" என்று இரண்டாவது கன்ட்ரோலை என் கையில் வைத்தார். அன்று வீட்டுக்கு இறங்கி வரும்போது அந்தி விளக்கு ஏற்றும் நேரமாகிவிட்டது. கல்யாணமான ஆளும் கல்யாணமாகாத பெண்ணும் டிவி முன்னால் உட்கார்ந்து விளையாடுகிறார்கள் என்று ஃப்ளாட்டில் பேச்சு கிளம்பியது. அண்ணி, அதாவது அவர் மனைவி, அதற்கு ஒரு வழி செய்தார். கதவை அகலத் திறந்துவைத்து, எங்களுக்கு நடுவில் வெங்காயத் தட்டோடு உட்கார்ந்து உரித்தார். போகிற வருகிறவர்களை எல்லாம் உள்ளே கூப்பிட்டு அவர்கள் கையிலும் வெங்காயத்தைக் கொடுத்தார். பேச்சு நின்றுவிட்டது.

இனி ‘ச்சொப்’ பற்றிச் சொல்லவேண்டும். மலேசியாவில் வளர்ந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பிள்ளைகள் விளையாடும்போது, ஊஞ்சலோ கடைசி மிட்டாயோ, யார் முதலில் "ச்சொப்!" என்று கத்துகிறார்களோ அது அவர்களுடையது. மலாய்ச் சொல்தான், எல்லா இனத்துப் பிள்ளைகளுக்கும் பொது. வளர்ந்ததும் விட்டுவிடுவோம். அலுவலகத்தில் அதே சொல்லுக்கு ரப்பர் முத்திரை என்று பொருள். அவர் காலையிலிருந்து மாலைவரை தாள்களில் ச்சொப் அடிக்கிற வேலையில் இருந்தார். சின்ன வயதில் வாயால் சொன்னதும் பெரிய வயதில் கையால் அடித்ததும் அவர் தலைக்குள் எப்படியோ ஒன்றாகிப்போனது என்பது என் எண்ணம். "ச்சொப்" என்று சொல்லும்போதே உள்ளங்கையால் மேசையில் ஒரு தட்டுத் தட்டுவார். தட்டிவிட்டால் தீர்ந்தது, அவரே நினைத்தாலும் மாற்றமாட்டார்.

கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் சோறும் விதவிதமான கறியும் விற்கிற ஒரு நாசி கண்டார் கடையில் மீன் முட்டைக் கறி பிரமாதமாக இருக்கும், மதியத்துக்குள் தீர்ந்தும்விடும். அவர் முதல் நாளே சொல்லிவைப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரோடும் அண்ணியோடும் நானும் போயிருந்தேன். கடைக்காரர் கறியை எடுக்கும்போதே முகத்தைச் சுளித்தார்.

"இன்னிக்கி உப்பு தூக்கலா போச்சு அண்ணே. கோழி வெக்கிறேன், எடுத்துக்குங்க."

"பரவால்ல லா. நேத்தே ச்சொப் சொல்லிட்டேன், வைங்க."

ஒரு துண்டு நான் வாயில் வைத்துப் பார்த்தேன். கடல் தண்ணீரைக் காய்ச்சி ஊற்றியதுபோல் இருந்தது. அவர் நிதானமாக முழுவதையும் சாப்பிட்டார். எனக்கு எரிச்சல் வந்துவிட்டது.

"சமைச்சவரே வேணாங்கிறாரு, நீங்க ஏண்ணே மல்லுக்கட்டறீங்க?"

"நான் சொல்லி வச்சதால இதை எடுத்து வச்சாரு. இல்லன்னா வேற யாருக்காச்சும் போயிருக்கும்."

"வேற யாராச்சும் வாயக் கெடுத்துக்கிட்டிருப்பாங்க. உங்களுக்கு என்ன?"

அண்ணி ஐஸ் தண்ணீர்க் குவளையை அவர் பக்கம் தள்ளினார். "அவர்கிட்ட பேசாத. நீயும் கத்துவ, அவரும் சாப்பிடுவாரு."

கேம் வாங்குவது பினாங்கு ரோட்டில் ஒரு பழைய கட்டடத்தின் மாடியில், நானா கடையில். நானா என்றால் எங்கள் ஊரில் தமிழ் முஸ்லிம் அண்ணன். முன்பக்கம் ரேடியோ, கடிகாரம். பின்பக்கம் கண்ணாடி அலமாரியில் கேம் கேசட்டுகள். கேசட் என்றால் பாட்டுக் கேசட் இல்லை, டிவியோடு இணைக்கிற கேம் பெட்டியில் செருகுகிற தடியான அட்டை. நாங்கள் எல்லாரும் கேசட் என்றே சொன்னோம். சிங்கப்பூரிலிருந்து நானா இறக்குவார். புதியது வரப்போகிறது என்றால் முன்கூட்டியே ஒரு படம் கண்ணாடியில் ஒட்டப்படும். படத்தைப் பார்த்து மயங்கியவர்கள் முன்பணம் கட்டிவிட்டுப் போவார்கள். கட்டியவர்களுக்கு ஒரு சாவிவளையம் இலவசம்.

அந்தக் கண்ணாடி முன்னால் நானும் அவரும் எத்தனை முறை வாதாடியிருப்போம்!

"அண்ணே, கொஞ்ச நாள் பொறுத்தா இதே கேசட் செகண்ட் ஹேண்ட்ல பாதி விலைக்கு வரும்."

"வரும்."

"ஆடினவங்க நல்லாருக்கா இல்லையான்னு சொல்லிடுவாங்க."

"சொல்லுவாங்க."

"அப்புறம் என்னாத்துக்கு இப்பவே காசக் கொட்டறீங்க? சாவிவளையத்துக்கா?"

"எல்லாரும் பொறுத்துப் பாத்தா, யாரு தங்கச்சி முதல்ல ஆடறது?"

நானா நடுவில் புகுவார். "தங்கச்சி பேசறது ஞாயம்தான். ஆனா இவரு மாதிரி ஆளுங்க சொல்லலன்னா நான் எத நம்பி எறக்கறது? நீங்க பொறுத்துப் பாக்கறதுக்குக்கூட அலமாரில ஒண்ணு இருக்கணும்லா?"

அதற்காக நான் புக் பண்ணத் தொடங்கிவிடவில்லை.

ஒருமுறை ஆகாய விமானக் கேம் ஒன்றின் படம் ஒட்டப்பட்டது. மேகத்துக்கு மேல் வெள்ளி நிறத்தில் விமானம், கீழே தீவுகள். நானா கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் விழுந்துவிட்டார்கள். வந்த பிறகு பார்த்தால் விமானம் எறும்பளவு, தீவுகள் பச்சைக் கட்டங்கள், எழுத்து முழுக்க ஜப்பான் மொழி. எந்தப் பொத்தானை அழுத்தினாலும் விமானம் மூக்கைக் குப்புறக் கவிழ்த்துக்கொண்டு விழுந்தது. நானா கடையிலேயே ஒரு பெட்டியில் போட்டுக் காட்டியதைப் பார்த்துவிட்டு, புக் பண்ணியவர்கள் ஒவ்வொருவராகத் தலைமறைவானார்கள். முன்பணம் போனால் போகட்டும் என்று விட்டார்கள். அவர் மட்டும் போய் மீதியைக் கட்டி வாங்கிவந்தார்.

வாங்கியதோடு விட்டாரா? அதை ஆடி முடிப்பது என்று இறங்கினார். எங்கள் கூரை வழியாகத் தினமும் விமானம் விழுகிற சத்தம் கேட்டது. அம்மா சாம்பார் தாளிக்கும்போது, "இன்னைக்கும் விழுந்துட்டானா?" என்று கேட்பாள். நான் மேலே போய் உட்கார்ந்து, குறைகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்வேன், ஃபேக்டரியில் எழுதுகிற மாதிரியே. அவர் தலையாட்டிக் கேட்டுக்கொள்வார். ஒன்றையும் மறுக்கமாட்டார்.

"எல்லாம் தெரியுது தங்கச்சி. மோசமான கேம்தான். ஆனா இது என்னோடது, இல்லையா?"

மழைக்காலம் வந்தபோது ஆடி முடித்துவிட்டார். என்னையும் அண்ணியையும் கூப்பிட்டு உட்காரவைத்துக் கடைசிக் கட்டத்தைக் காட்டினார். விமானம் தரையிறங்கியது. ஜப்பான் மொழியில் ஒரே ஒரு வரி வந்தது. என்ன என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை. பிறகு மறுபடி முதல் படம். அவ்வளவுதான் பரிசு. அவரோ எழுந்து நின்று கைதட்டினார்.

அதற்குப் பிறகு நானா கடையில் ஒரு மாற்றம் வந்தது. மற்றவர்களிடம் முன்பணத்தைக் கூட்டிவிட்டார். இவரிடம் மட்டும் வாங்குவதையே நிறுத்திவிட்டார். "நீங்க மேசையத் தட்டுங்க போதும்" என்றார்.

நியாயமாக எழுதவேண்டும் என்றால் இன்னொன்றையும் சொல்லவேண்டும். ஒரு வாள்வீரன் ஊர் ஊராகப் போகிற கேம், நான் வருடம் முழுக்க ஏங்கிக் காத்திருந்தது. என் வழக்கப்படி பொறுத்துப் பார்த்தேன். வந்ததே கையளவுதான். ஆடியவர்கள் பிரமாதம் என்று சொல்வதற்குள் தீர்ந்துவிட்டது, அடுத்து வரவே இல்லை. செகண்ட் ஹேண்டிலும் கிடைக்கவில்லை, யார் விற்பார்கள்? அவர் சொல்லிவைத்திருந்தார், வாங்கிவந்திருந்தார். உறையைக்கூடப் பிரிக்காமல் என் அம்மாவிடம் கொடுத்து, "தங்கச்சி முதல்ல ஆடட்டும்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அந்த ஒரு தடவை நான் தோற்றேன்.

அதே குணம் வீட்டில் படுத்திய பாடும் உண்டு. அலுவலகத்தில் ஒருவர் தன் பழைய மோட்டார் சைக்கிளை விற்கப்போவதாகச் சொன்ன உடனே மேசையைத் தட்டிவிட்டார். சாவியை வாங்கும்போதுதான் எஞ்சினில் எண்ணெய் ஒழுகுவது தெரிந்தது. விற்றவரே தயங்கினார், இவர் தயங்கவில்லை. ஒரே முகூர்த்தத்தில் இரண்டு கல்யாணங்களுக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு, ஒன்று தீவிலும் ஒன்று கரைக்கு அந்தப் பக்கமும் என்பதால் அண்ணியைப் பட்டுப்புடவையோடு ஃபெரியில் இங்கும் அங்கும் ஓடவைத்தார். "இவரு வாயத் தொறக்கறதுக்கு முன்னால நான் போயி மூடணும். எந்த ஊர்ல இருந்தாலும்" என்பார் அண்ணி. அண்ணி தொலைபேசி ஆபரேட்டர். குரலை உயர்த்தாமல் திட்டக்கூடியவர்.

ஒரு மாலை, வேலை முடிந்து திரும்பும் ஃபெரி. மோட்டார் சைக்கிள்களை நிறுத்திவிட்டுக் கம்பியோரம் நின்றிருந்தோம். அவர் முகத்தில் புதிய படம் ஒட்டியதைப் பார்த்த களை.

"தங்கச்சி, இன்னிக்கி ஒண்ணு ச்சொப் சொல்லிட்டேன்."

"என்ன கேம்?"

"கேம் இல்ல. பிள்ளை."

எனக்குச் சரியாகக் காதில் விழவில்லை என்று நினைத்தேன். அவர் விளக்கினார். அவர் அலுவலகத்தில் கூட்டித் துடைக்கிற அம்மாளின் தங்கை, பக்கத்து ரப்பர் தோட்டத்தில் இருக்கிறாள். புருஷன் ஜோகூருக்கு வேலைக்குப் போனவன் திரும்பவில்லை. ஏற்கெனவே மூன்று பிள்ளைகள், இப்போது வயிற்றில் ஒன்று. வளர்க்க வழியில்லை. ஒரு குடும்பம் கேட்டுவந்திருக்கிறது, ஆண் பிள்ளையாக இருந்தால் மட்டும் எடுத்துக்கொள்வோம் என்று. தேநீர் அறையில் அந்த அம்மாள் அழுதுகொண்டே இதைச் சொன்னபோது, இவர் மேசையைத் தட்டியிருக்கிறார். ஆணோ பெண்ணோ, எதுவாக இருந்தாலும் எங்களுக்கு என்று.

"அண்ணிகிட்ட கேட்டீங்களா?"

"இனிமேதான்."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. பக்கத்தில் நின்ற சீனப் பெரியவர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன்.

"மண்ட கழண்டுடுச்சாண்ணே உங்களுக்கு? பிள்ளை என்ன கேசட்டா, பாக்காம புக் பண்ண?"

"பெத்துக்கிறவங்க மட்டும் பாத்துட்டா தங்கச்சி பெத்துக்கிறாங்க?" என்றார்.

"பெத்துக்கிறவங்க ரெண்டு பேரு சேந்து பெத்துக்கிறாங்க. நீங்க ஒரு ஆளாப் போயி சொல்லிட்டு வந்துட்டீங்க."

ஃபெரி கரை தொட்டதும் எனக்கு முன்னால் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

அவர்களுக்குக் கல்யாணமாகிப் பல வருடம். அண்ணிக்கு மூன்று முறை தங்காமல் போயிருந்தது. அந்தப் பேச்சை அவர்கள் வீட்டில் யாரும் எடுப்பதில்லை. அந்த வாரம் முழுக்க மேல் வீட்டிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை, கேம் சத்தமும் இல்லை, பேச்சுச் சத்தமும் இல்லை. பொறுக்கமுடியாமல் மேலே போனேன். அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்தார்.

"கேக்காம பண்ணிட்டாரு" என்றார். "கேட்டிருந்தா நானும் சரின்னுதான் சொல்லியிருப்பேன். அதான் கோவம்."

கோபம் தணிந்த பிறகும் அண்ணி விட்டுக்கொடுக்கவில்லை. அவரை எதிரில் உட்காரவைத்து, நான் இருக்கும்போதே சொன்னார். "நீங்க சொன்னது உங்க வார்த்தை. நான் யாருக்கும் எதுவும் சொல்லல. பொறக்கட்டும். நான் என் கண்ணால பாத்துட்டுச் சொல்றேன்."

மனசுக்குள் கைதட்டினேன். இந்த வீட்டில் ஒருவருக்காவது மூளை இருக்கிறதே என்று சந்தோஷமாக இருந்தது. அவர் சரி என்று தலையசைத்தார். அண்ணி சொல்லாதவரை தொட்டில் வாங்கக்கூடாது என்று தனக்குத் தானே ஒரு கட்டுப்பாடும் போட்டுக்கொண்டார். ஆனால் தோட்டத்துக்குப் பால் டின்னும் சத்து மாத்திரையும் எடுத்துப் போவதை நிறுத்தவில்லை. சிரம்பானிலிருந்து அவருடைய அக்கா வந்து ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பேசினார். யார் பெற்ற பிள்ளை, என்ன சாதி, என்ன நோய், நாளைக்கு எப்படி வருமோ. அவர் அக்காவுக்குக் காப்பி கலந்து கொடுத்துவிட்டு, "பாக்காம சொல்லிட்டேன் அக்கா. இனிமே பாத்தாலும் அதான்" என்றார். அக்கா காப்பியைத் தொடாமல் பஸ் ஏறிவிட்டார்.

எனக்கு அப்போது புதிதாக ஒரு பயம் பிடித்துக்கொண்டது. இவர் சொன்ன சொல்லை விடமாட்டார். அண்ணி பார்த்துவிட்டு வேண்டாம் என்றால்? மீன் முட்டையைத் தனியாகத் தின்று தீர்த்துவிடலாம், மோசமான கேமைத் தனியாக ஆடி முடித்துவிடலாம். பிள்ளையை ஒருவர் மட்டும் எடுத்துக்கொள்ள முடியுமா? இந்த மனிதர் முதன்முறையாக ஒரு சொல்லை விழுங்க நேர்ந்தால், அதற்குப் பிறகு அவர் அவராக இருப்பாரா என்று எனக்குத் தெரியவில்லை.

பிள்ளை பிறந்த செய்தி அலுவலகத்துக்கு வந்தது. கூட்டுகிற அம்மாள், பெண் பிள்ளை என்று மட்டும் சொல்லிவிட்டு, "நீங்க வந்து பாத்துட்டு முடிவு பண்ணுங்க" என்றிருக்கிறார். குரல் சரியில்லை. அண்ணி படியிறங்கி என்னிடம் வந்தார்.

"நீயும் லீவு போட்டுட்டு வா. உன் கண்ணு நல்ல கண்ணு. எதையாச்சும் மறைச்சா உனக்குத் தெரிஞ்சிடும்."

கரைக்கு அந்தப் பக்கம் ஓர் அரசாங்க மருத்துவமனை. வார்டின் கோடியில் அந்தப் பெண் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். ஒல்லியான உடம்பு, என்னைவிடச் சின்னவள். பிள்ளையைத் துண்டால் சுற்றி மடியில் வைத்திருந்தாள். துண்டு மூக்குவரை ஏறியிருந்தது. நான் கட்டிலை நெருங்குவதற்கு முன்பே அதைக் கவனித்துவிட்டேன். அண்ணியும் என் முகத்தைக் கவனித்துவிட்டார். அந்தப் பெண் தானாகவே துண்டை இறக்கினாள்.

மேலுதடு மூக்குவரை பிளந்திருந்தது.

"கிரகணத்தப்ப வெளிய போயிட்டேன்னு சொல்றாங்க" என்றாள். "எனக்கு ஞாபகம் இல்லைங்க. வேலைக்குத்தான் போனேன்."

பக்கத்தில் நின்ற அவள் அக்கா தலைகுனிந்துகொண்டே பேசினார். "வேணாம்னா சொல்லிடுங்கண்ணே. நாங்க கோவிச்சுக்க மாட்டோம். வெல்ஃபேர் இலாகாவுல கேட்டு வச்சிருக்கோம்."

எனக்கு அழுகை வரவில்லை, கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம். அவரைப் பார்த்தேன். பிள்ளையைப் பார்த்தவர் பார்வையை எடுக்கவே இல்லை. பிறகு அண்ணி பக்கம் திரும்பினார். வாயிலிருந்து வார்த்தைகள் மெதுவாக வந்தன.

"எனக்கு மாத்தறதுக்கு ஒண்ணும் இல்லம்மா. ஆனா அது நான் சொன்னது. நீ சொல்லல. நீ பாத்துட்டுச் சொல்லு. என்ன சொன்னாலும் உன்மேல குத்தம் கெடையாது."

அண்ணி அந்தப் பெண்ணின் பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்தார். பிள்ளையைத் தொடவில்லை. நேரம் போய்க்கொண்டே இருந்தது. பக்கத்துக் கட்டிலுக்கு மருந்து கொடுக்கவந்த தாதி எங்களைப் பார்த்தபடி நின்றுவிட்டார். ச்சொப் சொன்னவரின் கண்கள் கலங்கியிருந்தன, ஆனால் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் அது அண்ணியைத் தள்ளுவதாக ஆகிவிடும் என்று அவருக்குத் தெரிந்திருக்கவேண்டும். அவரை நான் அப்போது மதித்ததுபோல் அதற்கு முன் மதித்ததில்லை.

"உனக்கு என்ன தெரியுது?" என்று அண்ணி என்னிடம் கேட்டார்.

நான் குனிந்து பார்த்தேன். பொய் சொல்ல எனக்கு வராது. "உதடு பிளந்திருக்கு அண்ணி. உள்ள மேலண்ணத்துலயும் இருக்கு." கை, கால், விரல்கள், காது எல்லாம் பார்த்தேன். பிள்ளை தலையை இப்படியும் அப்படியும் திருப்பி, பிளந்த வாயால் துண்டின் ஓரத்தைத் தேடியது. "மத்தது எல்லாம் நல்லாருக்கு" என்றேன். "அதுக்குப் பசிக்குது."

அண்ணி நிமிர்ந்து தாதியைப் பார்த்தார்.

"இதுக்குப் பால் எப்படிக் குடுக்கறது?"

தாதி சட்டென்று பக்கத்தில் வந்தார். சப்ப முடியாது என்றார். படுக்கவைக்கக் கூடாது, நிமிர்த்திப் பிடிக்கவேண்டும். கரண்டியால் சொட்டுச் சொட்டாக விடவேண்டும். மூக்கு வழியாக வந்தால் பயப்படாமல் நிறுத்தி, துடைத்து, மறுபடி கொடுக்கவேண்டும். ஒரு தடவை கொடுத்து முடிக்க ஒரு மணி நேரம் பிடிக்கும். முடித்துக் கொஞ்ச நேரத்தில் அடுத்தது. எடை ஏறினால்தான் உதட்டைத் தைக்கமுடியும், அண்ணத்துக்கு அதற்கப்புறம் இன்னொரு ஆப்பரேஷன்.

"கரண்டி குடுங்க" என்றார் அண்ணி.

அந்தப் பெண் பிள்ளையை அண்ணியின் கைக்கு மாற்றினாள். "நீ எப்ப வேணா வந்து பாரு" என்று அவளிடம் சொன்னார் அண்ணி. "நான் ஒளிச்சு வைக்க மாட்டேன்." அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

முதல் கரண்டி முழுவதும் மூக்கு வழியாக வெளியே வந்தது. பிள்ளை மூச்சுத் திணறிச் சிவந்தது. அண்ணி நிறுத்தினார், துடைத்தார், நிமிர்த்திப் பிடித்து மறுபடி கொடுத்தார். அதுவும் வெளியே வந்தது. அவர் துண்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். கண்ணீர் வழிந்து அவர் சட்டையில் சொட்டியது, துடைக்கக் கை காலியாக இல்லை. எத்தனையாவது தடவை என்று தெரியாது, பிள்ளையின் தொண்டை அசைந்தது. ஒரு சொட்டு உள்ளே போயிருந்தது.

அண்ணி பிள்ளையிடமிருந்து கண்ணை எடுக்காமலே பேசினார், ஆபரேட்டர் குரலில்.

"பகல்ல நான் லீவு போட்டுப் பாத்துக்கறேன். ராத்திரி நீங்க. ஞாயித்துக்கெழமை ரெண்டு பேரும்." அடுத்த கரண்டியை எடுத்தார். "சனிக்கெழமை நான் தூங்கணும். நீ வந்துடு."

கடைசி வாக்கியம் எனக்கு என்று புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. சனிக்கிழமைகளில் எனக்கு ஓவர்டைம் உண்டு.

"சரி அண்ணி" என்றேன்.